ஓட்டையை அடைக்காதீர்கள்!

மலையில் இருக்கிறவனுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடி என்றால், குன்னூர், வெலிங்டன் பக்கம் இருக்கும் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. துணி காயாது. தீப்பெட்டி நமுத்துப் போகும். பீரோவில் இருக்கும் கோட்டு பச்சை பூக்கும். இதெல்லாம் பழகிவிட்டது. குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்ல வந்தது வேறு ஒரு விஷயத்தை. போன ஐப்பசியில் என் காருக்குள் தண்ணீர் வந்தது. அது பெரிய விஷயமில்லை. தண்ணீர் ஏன் வந்தது என்று ஒருவரும் பார்க்காமலே என்னிடம் பணம் வாங்கினார்களே, அதுதான் விஷயம். படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது இது நடந்திருக்கும். நடக்காதவர்களுக்கு நடக்கும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி ஒன்பது வயசு ஆன சின்ன கார். ரிட்டையர்மென்ட் பணத்தில் வாங்கியது போன பிறகு, மகன் வற்புறுத்தி வாங்க வைத்தது. மாசத்துக்கு இரண்டு தடவை கோயமுத்தூர், வாரத்துக்கு ஒரு தடவை குன்னூர் மார்க்கெட். அவ்வளவுதான் அதற்கு வேலை. கோயமுத்தூர் போவது என் மனைவியின் மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்க்க. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு காலை. முன் சீட்டில், டிரைவருக்கு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தவள், "என்னங்க, கால் வைக்கிற இடம் ஈரமா இருக்குதே" என்றாள். மிதியடியைத் தூக்கினேன். அடியில் இருந்த கார்ப்பெட் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. கூடவே ஒரு நாற்றம். மழைக்காலத்தில் மூடி வைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதே நாற்றம். பர்லியாறு தாண்டுவதற்குள் அவளுக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியை இறக்கினால் குளிர், ஏற்றினால் பூஞ்சை. அன்றைக்கு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் எங்கேயாவது ஈரக் கசிவு இருக்கா?" என்பதுதான். வீட்டில் இல்லை டாக்டர், வண்டியில் என்றேன்.

கீழே ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளையாண்டான் கதவைத் திறந்தான், ரப்பரை விரலால் ஒரு தட்டு தட்டினான். "டோர் பீடிங் போயிடுச்சு சார். மாத்திடலாம்" என்றான். முழுசாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இடது பக்கம் இரண்டு கதவுக்கும் பீடிங் மாற்றி, கண்ட இடத்தில் எல்லாம் சிலிக்கான் பூசி, 6,840 ரூபாய் வாங்கினார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த மழை மூன்றாம் நாள். தண்ணீர் பழைய இடத்திலேயே, பழைய அளவுக்கு மேலேயே வந்தது.

போன் பண்ணினேன். "அப்படின்னா நாலு கதவுக்கும் மாத்தணும் சார், முன் கண்ணாடியையும் கழட்டி ரீசீல் பண்ணணும். எஸ்டிமேட் அனுப்பறேன்" என்றார்கள். வந்தது. 31,500 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் ஒரு காரணம். பென்ஷன்காரனுக்குப் பணம் எப்போதுமே ஒரு காரணம். ஆனால் அதைவிட ஒன்று உறுத்தியது. முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவன் நான். ஒரு ஃபைலில் கோளாறு என்றால், முதல் பக்கத்திலிருந்து புரட்டி எந்தத் தேதியில், எந்த நோட்டில் தப்பு நுழைந்தது என்று பார்த்துத்தான் மேலே எழுதுவோம். ஃபைலைத் திறக்காமலே "அட்டையை மாற்றுக" என்று எழுதினால் அன்றைக்கே மெமோ வரும். இங்கே அட்டையை மாற்றியாகிவிட்டது. இப்போது பீரோவையே மாற்றச் சொல்கிறார்கள்.

எனக்குப் படிப்பு ஆரம்பித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். 1954-ல் ஊர் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்தப் பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்தன. சின்ன வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரு தகர டப்பா இருக்கும், அல்லது ஒரு கத்தரிக்காய், அல்லது ஒரு பூட்டு. மிசியே முதலில் ஒன்றும் சொல்ல மாட்டார். "பார்" என்பார். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். நினைத்ததைச் சொன்னால் அடிக்கட்டை விரல் முட்டியில் விழும். அந்தப் பாடத்தில் கற்ற பிரெஞ்சு பெரும்பாலும் மறந்துபோயிற்று. முட்டியில் விழுந்தது மறக்கவில்லை.

ஆகவே மறுநாள் காலையில் வண்டியைப் பார்த்தேன்.

கார்ப்பெட்டில் தண்ணீர் என்றால் அது கதவு வழியாகத்தான் வரவேண்டும் என்று சட்டம் கிடையாது. நான்கு வழி உண்டு. முதலாவது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்துக்கொள்வது. அப்போது சுத்தமான தண்ணீர் இடது பக்கத்தில் தேங்கும். ஆனால் வெலிங்டனில் ஐப்பசி மாசம் ஏ.சி. போடுகிறவன் இருந்தால் காட்டுங்கள், அது அடிபட்டது. இரண்டாவது, ஹீட்டருக்குப் போகும் ரேடியேட்டர் தண்ணீர் கசிவது. அது பிசுபிசுக்கும், கலர் இருக்கும், தித்திப்பாக ஒரு வாசனை அடிக்கும். இது வெறும் தண்ணீர், அதுவும் அடிபட்டது. மூன்றாவது, முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளம். அங்கே சில்வர் ஓக் இலையும் சைப்ரஸ் சருகும் சேர்ந்து வடிகாலை மூடினால், தண்ணீர் காற்று போகிற வழியாக உள்ளே இறங்கும். நம் ஊரில் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளுக்கு இது ரொம்ப சகஜம். இலையை அள்ளிப் போட்டுவிட்டு ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். முன் சக்கரத்துப் பக்கமாக ஒழுங்காகக் கீழே கொட்டியது. அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது கதவு.

ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கிழவி வைத்தியம் உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் நல்ல ரப்பர். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. புது பீடிங் சுற்றிலும் இறுக்கமாகப் பிடித்தது. சரி, புதுசு பிடிக்கத்தானே செய்யும் என்பீர்கள். கழற்றிய பழைய பீடிங்கை நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். (கிளார்க் புத்தி, எதையும் விடாது.) அதையே திரும்ப மாட்டி அதே காகிதத்தை வைத்து இழுத்தேன். அதுவும் அதே இறுக்கத்தோடு பிடித்தது. 6,840 ரூபாய்க்கு நான் வாங்கியது, ஒரு குறையும் இல்லாத ரப்பருக்குப் பதில் ஒரு குறையும் இல்லாத ரப்பர்.

அப்புறம்தான் கதவை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். உள்ளே சளக், சளக் என்று சத்தம். இளநீரைக் காதில் வைத்து ஆட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். ஒன்பது வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், ஒருநாளும் காது கொடுத்ததில்லை. குனிந்து கதவின் அடிவிளிம்பைத் தடவினேன். கருப்பாகக் கெட்டியாக ஒரு பூச்சு. ஜூன் மாசம் இன்னொரு இடத்தில், "மலையில இருக்கீங்க, துரு பிடிக்கும் சார்" என்று பயமுறுத்தி அடித்துவிட்ட துருத் தடுப்புப் பூச்சு அது. துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்துத் தடவித் தடவி ஒரு இடத்தில் குத்தினேன். டீத்தூள் கொட்டின மாதிரி பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வந்தது. ஒரு சொம்புக்கு மேல் இருக்கும். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அட கடவுளே, இதைத்தான் நான் இத்தனை நாள் பக்கத்துல வெச்சிக்கிட்டு வந்தேனா!" என்றாள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கார் கதவுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. கார் கதவுக்குள் தண்ணீர் வரும். வரத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஏறி இறங்குகிற கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் எவ்வளவு இறுக்கமாக ரப்பர் வைத்தாலும், கண்ணாடியில் வழியும் மழை கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். ஆகவே கதவுக்கு அடியில் இரண்டு மூன்று இடத்தில் துளை விட்டிருப்பார்கள். உள்ளே வந்த தண்ணீர் அதன் வழியாகக் கீழே போய்விடும். இரண்டாவது காவல், நாம் கை வைக்கிற அந்த அலங்கார டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். உள்ளே தெறிக்கும் தண்ணீர் நம் பக்கம் வராமல், அந்த ஷீட்டின் மேல் வழிந்து திரும்பக் கதவுக்குள்ளேயே விழ வேண்டும். ஷீட்டின் கீழ் விளிம்பு அதற்குத் தகுந்த மாதிரி ஒட்டியிருக்கும். நாம் பெரிதாக மதிக்கிற சுற்று ரப்பரின் வேலை வேறு. கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கை அது பார்த்துக்கொள்கிறது. கதவின் வயிற்றுக்குள் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

புரியவில்லை என்றால் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்த வீட்டில் நடுவில் முற்றம். மழை நேராக வீட்டுக்குள் கொட்டும். யாரும் பதறியதில்லை. முற்றத்தைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வரம்பு. மூலையில் தெருவுக்குப் போகும் சலதாரை. மழை வருவதற்கு முன்னால் பாட்டி செய்கிற ஒரே காரியம், சலதாரை வாயில் இலை, குப்பை அடைத்திருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவுவதுதான். கார் கதவு என்பது நிற்க வைத்த முற்றம். பிளாஸ்டிக் ஷீட்தான் வரம்பு. அடித்துளைதான் சலதாரை. என் வண்டியில் நடந்தது என்ன? சலதாரையைத் தார் பூசி அடைத்துவிட்டு, வரம்பையும் உடைத்துவிட்டு, வாசல் கதவு சரியில்லை என்று வாசல் கதவை மாற்றியிருக்கிறார்கள்.

வரம்பு உடைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்து ஆள். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, டோர் பேடைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு, "சார், இந்தக் கதவை யாரோ ஏற்கெனவே பிரிச்சிருக்காங்க" என்றார். பிரித்தார்கள்தான். இரண்டு வருஷம் முன்னால் பேரன் ஆசைப்பட்டான் என்று ஸ்பீக்கர் மாற்றினோம். அந்தக் கடையில் ஷீட்டைப் பிளேடால் கிழித்து ஒயர் விட்டு, மேலே பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப்பை ஒட்டி மூடியிருக்கிறார்கள். இரண்டு மழைக்காலத்தில் டேப் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் தேங்கிய தண்ணீர், கொண்டை ஊசி வளைவுகளில் அலை அடித்துக் கிழிசல் வழியாக வெளியே வந்து, டோர் பேடின் பின்பக்கமாக இறங்கி, கார்ப்பெட்டுக்குள் போயிருக்கிறது. சுற்று ரப்பருக்கு உட்பக்கமாகவே இவ்வளவும் நடந்திருக்கிறது. அந்த ரப்பரைத் தங்கத்தில் செய்து போட்டாலும் நின்றிருக்காது.

பாய் பழைய பிசினையும் சிலிக்கானையும் சுரண்டி எடுத்து, தகட்டைத் துடைத்துக் காயவிட்டு, கனமான பாலிதீன் ஷீட் ஒன்றை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப் என்கிற கருப்புப் பிசின் நாடாவால் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டினார். சிலிக்கான் ஏன் கூடாது என்றும் சொன்னார். அது பாலிதீனில் சரியாகப் பிடிக்காது. வினிகர் வாசனை அடிக்கும் ரகம், பெயின்ட் போன தகட்டில் பட்டால் துருவைக் கூப்பிட்டுக்கொண்டு வரும். பியூட்டைல் இறுகிப் போகாது. அடுத்த தடவை பிரிக்கவும் முடியும். நாடாவுக்கு 350 ரூபாய், உடைந்த கிளிப்புகளுக்கு 120, பாய் கூலி 500. ஆக மொத்தம் 970 ரூபாய். கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருந்த பஞ்சை எடுத்து, அடுப்படியில் நாலு நாள் காயவைத்தது எங்கள் சொந்தச் செலவு. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் கசிவு நின்றும் நாற்றம் நின்றிருக்காது. பஞ்சு குடித்த தண்ணீர் மாசக் கணக்கில் காயாது.

அதன் பிறகு கார்த்திகை மழை முழுக்க அடித்துத் தீர்த்தது. மிதியடிக்கு அடியில் விரித்திருந்த 'தினத்தந்தி' நனையவில்லை.

இப்போது சில பேர் சொல்வதற்கும் பதில் சொல்லிவிட வேண்டும். என் மகனே சொன்னான்: "அப்பா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? படிச்சவங்க கிட்ட விடுங்க." விட்டேனே! படித்தவர்கள் பார்க்கவில்லையே! நான் பார்த்தது படிப்பால் அல்ல, குனிந்ததால். இன்னொருவர், புது வண்டிகள் வேறு மாதிரி, உள்ளே சென்சார், ஏர்பேக் எல்லாம் இருக்கும் என்றார். வாஸ்தவம். சில வண்டிகளில் கதவுக்குள்ளேயே ஏர்பேக்கைச் சேர்ந்த சென்சார் இருக்கிறது. அப்படிப்பட்ட கதவை நீங்களோ நானோ பிரிக்கக் கூடாது. தெரிந்தவர்தான் பிரிக்க வேண்டும். ஆனால் இது என் கட்சிக்குத்தான் பலம். உள்ளே இவ்வளவு கரண்டு சாமான் இருக்கிற கதவில் தண்ணீர் தேங்குவது இன்னும் ஆபத்து இல்லையா? கார்ப்பெட்டுக்கு அடியில்தானே ஒயர்கள் ஓடுகின்றன? அடித்துளையைக் குச்சியால் குத்திப் பார்க்க எந்த சென்சாரும் தடையாக இல்லை.

மூன்றாவது, அந்தப் பிள்ளையாண்டானைத் திட்டுகிறீர்களே என்றார்கள். நான் அவனைத் திட்டவில்லை. அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டி, மாசத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. துளையைக் குத்தினதற்கு பில் போட முடியாது. பீடிங் மாற்றினால் போடலாம். பாகம் விற்றால் வருமானம், காரணம் கண்டுபிடித்தால் நஷ்டம் என்று ஆக்கி வைத்திருக்கிற ஏற்பாட்டைத் திட்டுகிறேன்.

இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் தனி மனிதர் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்து, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி ஒரு உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும், பழுது பார்க்கும் விவரங்களையும், கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். வெளிச் சந்தையில் பாகமும் விவரமும் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. மேல்முறையீடு, கோர்ட்டு என்று விவகாரம் பல வருஷம் இழுத்தது வேறு கதை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு கமிட்டி போட்டபோது, விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாமான் ஆகியவற்றோடு வண்டியையும் சேர்த்தார்கள். ஆக, நம் பாய் மாதிரி ஆட்கள் வேலை செய்ய முடிய வேண்டும் என்பது டில்லி வரைக்கும் தெரிந்த சங்கதிதான். நம் தெருவில்தான் தெரியவில்லை.

அந்தக் காலத்து டாக்சி டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில், ஸ்டாண்டில் நிற்கும் அம்பாசடர்களின் கதவு அடியை உடைந்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் குத்திக்கொண்டிருப்பார்கள். ஏதோ பொழுது போகாமல் செய்கிறார்கள் என்று நினைப்பேன். செய்யாத வண்டிகளின் கதவு அடி கொப்பளித்து, பட்டி பூசி, அதுவும் உதிர்ந்து, கடைசியில் ரோடு தெரியும். கதவு உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். வெளியே கொப்பளம் தெரிகிற அன்றைக்கு உள்ளே காரியம் முடிந்திருக்கும். துருவைத் தடுக்கிறேன் என்று துளையை அடைப்பவன், துருவுக்குத் தொட்டி கட்டிக் கொடுக்கிறான்.

இன்னும் ஒன்று. கார் கதவோடு இது நிற்பதில்லை. நம் மலையில் வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர். சுவருக்குப் பின்னால் மண், மண்ணுக்குள் மழை. அந்தத் தண்ணீர் வெளியேறத்தான் சுவரில் வரிசையாகக் குழாய் வைப்பார்கள். இப்போது பெயின்ட் அடிக்கும்போது அசிங்கமாக இருக்கிறது, பாம்பு வருகிறது என்று சிமெண்டு வைத்து அடைக்கிறார்கள். தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் அது சுவரைத் தள்ளும். 2009 நவம்பர் மழையை நம்மில் யார் மறக்க முடியும்? நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் இந்த மாவட்டத்தில் மண்ணுக்குள் போயின. அத்தனைக்கும் அடைத்த குழாய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரின் வழியை மறித்தால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது என்று மட்டும் சொல்கிறேன். தெரிந்தும் அடைக்கிறோம்.

ஆகவே, இதைப் படிக்கிறவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். (பழக்க தோஷம், நம்பர் போடாமல் எழுத வராது.)

1. மழைக்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, நான்கு கதவின் அடித்துளையையும் துடைப்பக் குச்சியால் குத்துங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட்டைச் சுரண்டும். கதவுக்குக் கீழே வண்டி உடம்பில் இருக்கும் துளைகளையும் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இலையை அள்ளுங்கள்.

2. நம் ஊரில் சரிவில்தான் நிறுத்தியாக வேண்டும். மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தினால் தண்ணீர் கதவின் முன் மூலைக்கு ஓடும். அங்கே துளை இல்லாமல் போகலாம். வண்டியைச் சமதரைக்குக் கொண்டுவந்து கதவை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் அதுதான் பதில்.

3. கசிவு எங்கே என்று பார்க்க, உள்ளே செய்தித்தாள் விரித்து ஒருவர் உட்காரட்டும். வெளியே ஒருவர் ஓஸை மெதுவாக, முதலில் கதவின் அடிப்பக்கம், அப்புறம் கைப்பிடி உயரம், கடைசியில் கண்ணாடி என்று கீழிருந்து மேலே பிடிக்கட்டும். எடுத்தவுடன் மேலே பிடித்தால் எல்லாமே நனையும், ஒன்றும் தெரியாது.

4. துருப் பூச்சு, ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக் எதைச் செய்தாலும், "அடித்துளையை மூடக்கூடாது, உள் ஷீட்டைக் கிழிக்கக்கூடாது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

5. பாகம் மாற்ற வேண்டும் என்றால், எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் மாற்ற வேண்டாம். மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

6. ஏமாந்தது உறுதியானால், சும்மா விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

ஆறாவதை நானே செய்தேனா என்று கேட்பீர்கள். பழைய பீடிங், பில், எஸ்டிமேட், ஓட்டையைக் குத்தும்போது பேரன் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் வைத்து, முதலில் அவர்களுக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். பத்தி பிரித்து, நம்பர் போட்டு, பழைய ஆபீஸ் பாணியில். மூன்றாம் வாரம் 6,840 ரூபாயும் திரும்பி வந்தது. ஒரு வரி விளக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்கு விளக்கம்தான் வேண்டியிருந்தது. பரவாயில்லை.

போன வாரம் கோயமுத்தூர் போய் வந்தோம். மேட்டுப்பாளையம் வரைக்கும் அவள் இருமவில்லை. கல்லாறு தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

நாளைக் காலையில் பால் வாங்கப் போவதற்கு முன்னால், ஒரு துடைப்பக் குச்சியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குனியுங்கள். முழங்கால் வலிக்கும். எனக்கும் வலித்தது.